ஆட்டுக்கால் சூப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை ஒடிந்தால் ஆட்டுக்கால் சூப், சளி பிடித்தால் ஆட்டுக்கால் சூப், பிள்ளை பெற்ற உடம்பு தேற ஆட்டுக்கால் சூப் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு எழுதித் தருகிற ஊர் நம்முடையது. இப்போது ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளும் ‘போன் பிராத்’ (எலும்பு சூப்புக்கு ஆங்கிலப் பெயர்) வேண்டும் என்று அதே கறிக்கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். முதல்முறை கால் வாங்குகிறவர்களும், பல வருடம் வைத்துப் பழகியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கட்சியை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த சூப்பை ருசிக்காக வையுங்கள், உதட்டில் ஒட்டுகிற அந்தப் பிசுபிசுப்புக்காக வையுங்கள். கால்சியத்துக்காக வைக்காதீர்கள்.

கடையில் என்ன சொல்லி வாங்க வேண்டும்?

ஓர் ஆட்டின் நாலு காலும் சேர்ந்தது ஒரு செட். நாலு பேருக்கு ஒரு செட் தாராளம். “பாய், கால் நல்லா வாட்டி, தோலோட, கணுவுல மட்டும் வெட்டிக் குடுங்க” என்று கேளுங்கள். வாட்டினால் மயிர் பொசுங்கிச் சுரண்ட வரும், குளம்பும் தட்டினால் கழன்றுவிடும். தோலை உரிக்க விடாதீர்கள். சூப்பைக் கெட்டியாக்கும் சரக்கில் பெரும்பங்கு தோலிலும் மூட்டிலும்தான் இருக்கிறது. கணுவில் வெட்டச் சொல்வது சில்லுக்குப் பயந்து. நடு எலும்பில் கத்தியை ஓங்கிப் போட்டால் ஊசி ஊசியாகச் சிதறி, சூப்போடு தொண்டைக்குள் போகும்.

சில கடைகளில் வெந்நீரில் முக்கி மழித்து, வெள்ளை வெளேரென்று எடுத்துக் கொடுக்கிறார்கள். கண்ணுக்கு அது சுத்தம். ஆனால் வாட்டிய காலில் லேசாக ஏறியிருக்கும் புகை வாசம் அதில் கிடையாது. நான் வாட்டிய கால் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து நிதானமாகப் போனால் கால் தீர்ந்திருக்கும். சனிக்கிழமையே சொல்லி வையுங்கள். புரட்டாசி முடிந்து வருகிற முதல் ஞாயிறைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நெஞ்செலும்பு, நல்லி எலும்பு, கால் – எதில் சூப் நன்றாக வரும்?

மூன்றும் மூன்று விதம். நெஞ்செலும்பில் கறியும் குருத்தெலும்பும் சேர்ந்து இருப்பதால் ருசி அதிகம், சீக்கிரமும் வெந்துவிடும். மாலை நேரத் தள்ளுவண்டிகளில் கிடைக்கும் சூப் பெரும்பாலும் இந்த வகைதான். நல்லி எலும்பில் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் விசேஷம். அது பெரும்பாலும் கொழுப்பு. உறிஞ்சிச் சாப்பிட அருமை, ஆனால் சூப்புக்குக் கெட்டித்தனம் தராது. காலில் கறி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, தோலும் நரம்பும் மூட்டும்தான். குடிக்கும்போது உதடு ஒட்டுகிறதே, அது காலால் வருவது.

காலோடு கால் கிலோ நெஞ்செலும்பு சேர்த்து வைத்துப் பாருங்கள். கால் கெட்டித்தனத்தைக் கொடுக்கும், நெஞ்செலும்பு ருசியைக் கொடுக்கும்.

கடையில் வாட்டிக் கொடுத்தாலும் வீட்டில் மறுபடி சுத்தம் செய்ய வேண்டுமா?

கண்டிப்பாக. கணுவின் மடிப்பிலும் குளம்புப் பிளவிலும் மயிர் தங்கியிருக்கும். இடுக்கியில் பிடித்து காஸ் தீயில் ஒருமுறை காட்டி, கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டுங்கள். பிறகு மஞ்சள் தூளும் கல் உப்பும் போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். கடலை மாவு தேய்ப்பவர்களும் உண்டு, கரி போக அதுவும் நல்லது.

கடைக்காரர் பல சமயம் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வந்திருப்பது செம்மறியாட்டுக் கால் என்றால், குளம்புப் பிளவுக்குச் சற்று மேலே முன்பக்கம் ஒரு சின்னத் துளை தெரியும். அதற்குள் மெழுகு மாதிரி கசிவும் நாலைந்து மயிரும் அடங்கிய ஒரு சிறு பை இருக்கும். அது ஒரு வாசனைச் சுரப்பி. கத்தி முனையால் நோண்டி எடுத்துவிடுங்கள். வெள்ளாட்டுக்கு இந்தப் பை கிடையாது. “செம்மறி கால் வாங்கினாலே வாடை அடிக்குது” என்று குறைபட்டுக்கொள்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, எப்படி வைப்பது? அளவு சொல்லுங்கள்.

ஒரு செட் காலுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், 5 லிட்டர் குக்கர். கால்களைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மூடாமல் அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வரும்போது சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். கறியிலும் ரத்தத்திலும் இருந்து வெளியேறிய புரதம் திரண்டு மிதப்பது அது. பத்து நிமிடம் பக்கத்தில் நின்று கரண்டியால் வழித்து வழித்துக் கொட்டுங்கள். இதைச் செய்யாமல் மூடினால் நுரை ஆவித் துளையில் ஏறும், சூப்பும் கலங்கும், வாடையும் நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் முதல் கொதித் தண்ணீரை அப்படியே கொட்டிவிட்டு, காலைக் கழுவி, புதுத் தண்ணீர் வைக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் பெரிதாக ஒன்றும் நஷ்டமில்லை.

நுரை நின்றதும் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், தோலோடு தட்டிய பூண்டு பத்துப் பல், ஓர் அங்குல இஞ்சி, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, ஒரு தக்காளி. மூடி, முதல் விசில் வரை பெரிய தீ. பிறகு தீயைச் சிம்மில் வைத்து 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். இளம் ஆடு என்றால் 40 நிமிடத்திலேயே தோல் வழுக்கிக்கொண்டு வரும். ஆவியைக் கரண்டியால் தூக்கி விடாதீர்கள், தானே அடங்கட்டும்.

இன்னொரு பக்கம் மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் இரண்டு, மல்லி விதை ஒன்று என வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்து வையுங்கள். குக்கர் திறந்த பிறகுதான் இந்தப் பொடியும் உப்பும். ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். மிளகை முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் வேகவிட்டால் மணம் எல்லாம் ஆவியோடு போய்விடும், காரல் மட்டும் மிஞ்சும். கடைசியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள்.

பட்டை, கிராம்பு, ஏலக்காய்? போடுகிறவர்கள் போடட்டும். எனக்கு அது பிரியாணிக்குக் குறுக்குவழி மாதிரி ஆகிவிடுகிறது. சளி என்றால் ஒரு சிட்டிகை சுக்குப் பொடி சேர்க்கலாம், அது பொருந்தும்.

எத்தனை விசில்?

விசிலை எண்ணாதீர்கள். ஒரு வீட்டுக் குக்கர் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று ஊதும், பக்கத்து வீட்டுக் குக்கர் ஏழு நிமிடத்துக்கு ஒன்று. ‘பத்து விசில்’ என்பதற்கு அர்த்தமே இல்லை. சிம்மில் எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. காஸும் மிச்சம்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் 24 மணி நேரம் கொதிக்கச் சொல்கிறார்களே?

அது திறந்த பாத்திரத்துக்கான கணக்கு. தோலிலும் நரம்பிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் முறுக்கிய கயிறாக இருக்கிறது. சூடும் தண்ணீரும் சேர்ந்து அந்த முறுக்கைப் பிரித்தால் ஜெலட்டின் ஆகிறது. 70 டிகிரிக்கு மேலேயே இந்த வேலை நடக்கும், ஆனால் ஆமை வேகத்தில். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் சுமார் 120 டிகிரி. அந்த 20 டிகிரி வித்தியாசத்தில் மணிக்கணக்கு வேலை நிமிடக்கணக்கில் முடிகிறது.

குக்கர் பிறந்ததே எலும்புக்காகத்தான். பிரான்சில் பிறந்த டெனி பாப்பன் 1679இல் லண்டனில் ஓர் இறுக மூடிய இரும்புப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். கடினமான எலும்பையும் மெத்தென்று ஆக்குவது அதன் நோக்கம். வெடித்துவிடாமல் இருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வுதான் இன்று நம் மூடியில் ஆடும் வெயிட்டுக்கு முன்னோடி. ஆகவே குக்கரில் வைத்த சூப் ஏதோ குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரி முழுக்க அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது வேண்டாத வேலை.

விறகடுப்பில் மண்சட்டியில் வைக்க ஆசையா? வையுங்கள், ருசி வேறாக இருக்கும். ஆறு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் வற்ற வற்ற வெந்நீர் ஊற்றுங்கள்.

ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்கள்?

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் கால் வேகவே வேகாது போலத் தோன்றும். குக்கர்தான் வழி. அதிலும் கூடப் பத்து, பதினைந்து நிமிடம் சேர்த்து வையுங்கள்.

ஒரு டம்ளர் சூப்பில் எவ்வளவு கால்சியம் இருக்கும்?

மிகக் குறைவு. எலும்பில் கால்சியம் நிறைய இருக்கிறது, உண்மை. ஆனால் அது பாஸ்பேட்டோடு கட்டுண்டு, தண்ணீரில் கரைய மறுக்கும் தாதுவாக இருக்கிறது. நீங்களே பார்க்கலாம். ஒரு மணி நேரம் வெந்த கால் எலும்பின் முனையை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்குங்கள். சாக்பீஸ் மாதிரி உதிரும். எலும்பை இறுக்கிப் பிடித்திருந்த கொலாஜன் சூப்புக்குப் போய்விட்டது. கையில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதுதான் கால்சியம். சூப்புக்கு வராமல் எலும்பிலேயே தங்கிவிட்டது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1934இல் லண்டனில் மெக்கான்ஸ், ஷெல்டன், விடோசன் ஆகிய மூவரும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் எலும்பு சூப்பை அளந்து பார்த்து, பாலுக்குப் பக்கத்தில்கூட அது வராது என்று எழுதிவிட்டார்கள். 2017இல் தைவானில் வீட்டு சூப்பையும் கடை சூப்பையும் சோதித்தபோதும், ஒரு வேளை சூப்பில் கிடைக்கும் கால்சியம் ஒரு நாள் தேவையில் 5 சதவீதத்தை எட்டவில்லை.

நம் நாட்டுக் கணக்குப்படி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 240க்குப் பக்கம். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் நல்ல வழி. கால்சியம் வேண்டுமென்றால் காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் சூப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த உதிர்ந்த எலும்பு முனையையும் மென்றுவிடுங்கள், அதில் இருக்கிறது.

வினிகர் ஊற்றினால் சத்து இறங்கும் என்கிறார்களே?

புளிப்பு சேர்ந்தால் கூடுதலாக இறங்குவது நிஜம்தான். நான் மேலே சொன்ன தைவான் சோதனையிலும் அது தெரிந்தது. ஆனால் ஒன்றுமில்லாததைப் பத்து மடங்கு ஆக்கினாலும் கொஞ்சம்தான் வரும். நம் சூப்பில் ஏற்கெனவே தக்காளி இருக்கிறது. அதற்குமேல் வினிகர் ஊற்றி ருசியைக் கெடுக்க வேண்டாம். தக்காளி, எலுமிச்சை சேர்ப்பதானால் அலுமினியத்தைவிட எவர்சில்வர் குக்கர் நல்லது.

அப்படியானால் எலும்பு முறிந்தவருக்குக் கொடுப்பது வீண்தானா?

வீண் என்று சொல்ல மாட்டேன். புத்தூர் கட்டுப் போட்டவரானாலும் சரி, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டவரானாலும் சரி, பார்க்க வருகிற நாலு பேரில் மூன்று பேர் ‘ஆட்டுக்கால் சூப் குடுங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். படுத்துக்கிடப்பவருக்குப் பசி இருக்காது. சூடாக, காரசாரமாக ஒரு டம்ளர் உள்ளே போனால் அடுத்து ரெண்டு வாய் சோறும் போகும். அது பெரிய காரியம். ஆனால் எலும்பு கூடுவதற்கு முழுமையான புரதமும் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால், கொஞ்சம் வெயில் இவற்றை விட்டுவிட்டு சூப்பை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால்தான் தப்பு.

மூட்டு வலிக்கும் இதே பதில். ஆட்டு முட்டியின் கொலாஜன் நேராக நம் முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வயிற்றில் மற்றப் புரதங்களைப் போலவே சிறு சிறு துண்டாகச் செரித்து, உடம்புக்கு எங்கே தேவையோ அங்கே போகிறது. உடம்பு தன் கொலாஜனைத் தானே கட்டிக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். டம்ளரில் ஊற்றிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்வதில் அந்த நியாயம் இருக்கிறது. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் ருசியும் கெடும், சத்தும் குறையும்.

புரதம்? ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிக்கலாமா?

குடிக்கலாம். ஆனால் முட்டைக்குப் பதிலாக அல்ல. ஜெலட்டினில் டிரிப்டோஃபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லவே இல்லை. அதனால் அது முழுப் புரதம் ஆகாது. பாரிசில் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினை ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் மலிவான சூப்பாகக் கொடுத்து வந்தார்கள். அது உண்மையில் ஊட்டம் தருகிறதா என்று விசாரிக்க, மஜாந்தி என்ற மருத்துவர் தலைமையில் ஒரு குழு வருடக்கணக்கில் வேலை பார்த்தது. ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் இளைத்துப் போயின. 1841இல் வந்த அறிக்கை, இது தனியாக உயிர் காக்காது என்று சொல்லிவிட்டது. சோற்றோடும் இட்லியோடும் சேரும்போது இந்தக் குறை பெரிதில்லை. இதையே உணவாக்கினால்தான் குறை.

ஃபிரிட்ஜில் வைத்தேன், கட்டியாக உறைந்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, நன்றாக வந்திருக்கிறது! ஜெலட்டின் குளிர்ந்தால் உறையும், சூடு பட்டால் இளகும். கரண்டியால் தட்டினால் ஆடுகிறதென்றால் நீங்கள் வைத்தது நல்ல சூப்.

எனக்கு உறையவே இல்லையே?

தண்ணீர் அதிகம், அல்லது நேரம் போதவில்லை, அல்லது தோலை உரித்துவிட்டார்கள். வெறும் நல்லி எலும்பில் வைத்தாலும் உறையாது. கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். திறந்து வைத்துக் கொதிக்கவிட்டு மூன்றில் இரண்டு பங்காகச் சுண்டினால் சரியாகும். இதற்காகத்தான் உப்பைக் கடைசியில் போடச் சொல்வது. முதலில் போட்டுவிட்டுச் சுண்டினால் வாயில் வைக்க முடியாது.

மேலே படியும் கொழுப்பை என்ன செய்வது?

ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்தால் வெள்ளைத் தகடாக நிற்கும், அப்படியே பெயர்த்து எடுக்கலாம். கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதியை விட்டு வையுங்கள், வாசம் அதில்தான் நிற்கிறது.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

ஃபிரிட்ஜில் மூன்று நாள், அதிகம் போனால் நாலு. ஃபிரீசரில் இரண்டு மாதம். ஆனால் எத்தனை நாள் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் ஆறவைத்தீர்கள் என்பது முக்கியம். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி.

நம் வீடுகளில் ‘சூடா ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது’ என்று குக்கரோடு மேடையிலேயே விட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். சில கிருமிகளின் வித்துகள் கொதிநிலையிலும் சாவதில்லை. கறிச்சாற்றில் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமி அப்படிப்பட்டது. சூப் மெதுவாக ஆறி வெதுவெதுப்பாக நிற்கும் நேரம் அதற்குத் திருவிழா. கூடவே காற்றும் புகாத மூடி, காற்றில்லாத இடம்தான் அதற்குத் தோது. மறுநாள் வயிற்றுப்போக்கு வந்தால் கறிக்கடைக்காரரைத் திட்டுவோம்.

அகலமான அன்னக்கூடையில் குளிர்ந்த தண்ணீரோ ஐஸோ போட்டு, சூப் பாத்திரத்தை அதில் இறக்கிக் கிளறுங்கள். அரை மணியில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். சின்னச் சின்ன டப்பாவில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் இது முடிய வேண்டும். சித்திரை வெயிலில், வீட்டுக்குள்ளேயே 32 டிகிரியைத் தாண்டும் நாளில், ஒரு மணி நேரம்தான் கெடு. எடுக்கும்போது வேண்டிய அளவு மட்டும் எடுத்து, தளதளவென்று கொதிக்கவைத்துக் குடியுங்கள். ராத்திரி முழுக்க வெளியே கிடந்ததை ‘மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும்’ என்று நம்பாதீர்கள். சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு கொதித்தாலும் போகாது.

யார் குடிக்கக் கூடாது?

யூரிக் அமிலம் ஏறி, கால் பெருவிரல் வீங்கி அவதிப்படுகிறவர்கள் தள்ளி நிற்பது நல்லது. கறியை வேகவைக்கும்போது பியூரின் என்ற பொருள் சாற்றில் இறங்குகிறது, யூரிக் அமிலம் அதிலிருந்துதான் உண்டாகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம். ரத்தக் கொதிப்பு என்றால் உப்பைப் பாதியாக்குங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு சூப் பிரச்சினை இல்லை. கூட வருகிற ஆப்பத்தை எண்ணுங்கள்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடிந்து, மற்ற உணவு ஆரம்பித்த பிறகு, இரண்டு கரண்டி சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். ஒரு வயது வரை உப்பு வேண்டாம், மிளகும் வேண்டாம். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள், ஒரு சில்லு போதும் ஆபத்துக்கு. தாய்ப்பாலுக்குப் பதிலாகவோ, முட்டை, பருப்புக்குப் பதிலாகவோ நினைக்காதீர்கள்.

எலும்பு சூப்பில் ஈயம் இருக்கிறது என்று படித்தேன். பயப்பட வேண்டுமா?

உடம்பில் சேரும் ஈயம் எலும்பில் போய்த் தங்கும், விலங்குக்கும் அப்படித்தான். 2013இல் பிரிட்டனில் கோழி எலும்பு சூப்பைச் சோதித்தபோது லிட்டருக்கு 7 மைக்ரோகிராம், தோலும் குருத்தெலும்பும் போட்ட சூப்பில் 9.5 மைக்ரோகிராம் ஈயம் வந்தது. வெறும் தண்ணீரில் ஒன்றுக்கும் குறைவு. வாரம் ஒருநாள், இரண்டு நாள் குடிப்பவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினம் மூன்று வேளை இதையே குடிக்கச் சொல்லும் உணவுத் திட்டங்களில் சேருமுன் யோசியுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அளவோடு.

கோழிக்கால், மாட்டெலும்பில் வைக்கலாமா?

கோழிக்கால்தான் இருப்பதிலேயே மலிவு, உறைவதிலும் அதை மிஞ்ச ஒன்றில்லை. நகத்தை வெட்டி, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் மஞ்சள் தோல் உறை மாதிரி கழன்று வரும். சிம்மில் 25 நிமிடம் போதும். நாட்டுக்கோழி எலும்பும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். மாட்டுக்காலும் வாலும் ஒன்றரை மணி நேரம் எடுக்கும். மீன் முள்ளில் வைப்பதானால் திறந்த பாத்திரத்தில் அரை மணிக்குள் இறக்கிவிடுங்கள், நேரம் போனால் கசக்கும்.

சூப் வடித்த பிறகு கால்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஐயையோ, பாயா எதற்கு இருக்கிறது? சூப்பில் பாதியை நிறுத்தி, காலோடு எடுத்து வையுங்கள். மறுநாள் தேங்காய் அரை மூடி, கசகசா ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, பொட்டுக்கடலை ஒரு மேசைக்கரண்டி எல்லாம் சேர்த்து நைசாக அரையுங்கள். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் வதக்கி, காலும் சாறும் ஊற்றி, அரைத்த விழுதைக் கலந்து பத்து நிமிடம் கொதித்தால் இடியாப்பத்துக்குத் தயார். தேங்காய் சேர்த்த பிறகு மிச்சம் வைக்காதீர்கள், அன்றே தீர்த்துவிடுங்கள்.

வீட்டில் கறி கிடையாது. சைவத்தில் ஏதாவது?

முடவாட்டுக்கால் கிழங்கு. கொல்லிமலைக்குப் போனால் வழியெங்கும் விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு அது. பழுப்பு மயிர் மூடி, பார்க்க ஆட்டுக்காலேதான். மயிரைச் சீவி, உள்ளிருக்கும் பச்சைத் தண்டை வில்லை வில்லையாக நறுக்கித் தட்டி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இருபது நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ருசியாக இருக்கும். கொலாஜன் ஒரு துளியும் இருக்காது, அது எந்தச் செடியிலும் கிடையாது. உறையவில்லையே என்று கேட்காதீர்கள்.

மிஞ்சிய எலும்பை நாய்க்குப் போடலாமா?

வேண்டாம். வெந்த எலும்பு கூர்மையாக உடையும். தொண்டையிலோ குடலிலோ குத்திவிட்டால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டிவரும். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராமல் வேகவைத்த தோலை மட்டும் கிள்ளிப் போடுங்கள்.